மங்குக்கு டியூப் எடுத்துக் கொடுக்கும் முன்: டெல்டா மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மருந்துக்கடை வைத்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். அம்மா நடவு ஆள். அக்காவும் நடவு ஆள். நான் மட்டும் படித்து, கல்லூரியில் உயிரியல் நடத்தும் வேலைக்கு வந்துவிட்டேன். டிஎன்ஏ, மரபணு என்று வருஷம் முழுக்கக் கரும்பலகையில் எழுதுகிறேன். அதே பாடத்தை என் அக்காவின் கன்னத்தில் வைத்துப் படிக்க வேண்டி வந்தது. அதனால்தான் இந்த மடல்.

நேராகவே கேட்டுவிடுகிறேன். முகத்தில் கறுப்புத் திட்டாக விழும் மங்குக்கு மருந்து கேட்டு வந்து நிற்கும் பெண்களுக்கு, டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் மீதி மடல். கொஞ்சம் நீளம். கடையில் கூட்டம் இல்லாத மதிய வேளையில் படியுங்கள்.

அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷம் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. நெற்றியில் கொஞ்சம், மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம். ஒரு வருஷம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் எங்கள் சித்தப்பா வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. நடவு முடிந்து வரும் வழியில், காலில் சேறு காய்வதற்குள், கடை வாசலில் நின்றாள். நானும் கூட இருந்தேன். "அண்ணே, மொகத்துல மங்கு ஜாஸ்தியாயிடுச்சு, நல்லதா ஏதாச்சும் குடுங்கண்ணே" என்றாள். அவர் அலமாரிப் பக்கம் திரும்பி ஒரு டியூப்பை எடுத்து, "ராத்திரி படுக்கும்போது போட்டுட்டு வாம்மா, பத்து நாள்ல தெரியும்" என்று காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்.

பத்து நாளில் தெரியத்தான் செய்தது. கல்யாண வீட்டில் ஆள் ஆளுக்கு அவள் முகத்தைப் பற்றியே பேசினார்கள். அந்தச் சந்தோஷத்தை எப்படிக் குறை சொல்வது? சின்ன வயதிலிருந்து "வெயில்ல நின்னு கருத்துப் போச்சு பாரு" என்று கேட்டே வளர்ந்தவள் அவள். அடுத்த டியூப் வாங்கினாள். அப்புறம் அடுத்தது. எட்டு மாதம் இப்படியே போனது.

எட்டாவது மாதம் ஊருக்குப் போயிருந்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவித்த முட்டையை உரித்தால் ஓட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய சவ்வு வருமே, அந்த மாதிரி இருந்தது கன்னத்துத் தோல். அதற்குள் சிவப்பு நூலிழைகளாக ரத்தக் குழாய்கள். காதோரத்தில் பூனை முடி அடர்ந்திருந்தது. வயலில் இறங்கினால் மிளகாயை அரைத்துத் தடவினது போல எரிகிறது என்றாள். எரிச்சல் தாங்காமல் க்ரீமை நிறுத்தினாள். இரண்டே வாரத்தில் மங்கு திரும்பி வந்தது. முன்னைவிடக் கறுப்பாக.

டியூப் கொடுத்த அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, கரண்ட் இல்லாமல் ஊர் இருட்டில் கிடந்தபோது டார்ச் வெளிச்சத்தில் கடை திறந்து வைத்திருந்தவர். அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையைக் கடனுக்குக் கொடுத்தவர். எங்கள் பக்கத்தில் டாக்டரைவிட மெடிக்கல்காரரைத்தான் முதலில் பார்ப்போம். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் ஒரு சொல்லுக்கு எங்கள் தெருவில் இருக்கும் மதிப்பு வேறு யார் சொல்லுக்கும் கிடையாது.

சரி, வெயில் தோலுக்குள் என்ன செய்கிறது?

நம் செல்களுக்குள் 300 கோடி எழுத்து நீளத்துக்கு டிஎன்ஏ இரண்டு பிரதிகளாகச் சுருண்டு கிடக்கிறது. எழுத்துகள் நாலே நாலுதான்: ஏ, டி, ஜி, சி. சூரியனின் புற ஊதாக் கதிர்களில் பி வகை தோலின் மேலடுக்கில் நுழைந்து நேரே இந்த எழுத்துகளைத் தாக்குகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 'டி' இருந்தால் இரண்டையும் ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடும். ஒட்டிக்கொண்ட எழுத்தைச் செல்லால் சரியாகப் படிக்க முடியாது. ஒரு பகல் வெயிலில் ஒரே செல்லில் இப்படி ஆயிரக்கணக்கான இடங்களில் ஒட்டு விழுகிறது. ஏ வகைக் கதிர் இன்னும் ஆழம் போய், தோலின் உள்ளடுக்கு வரை இறங்கும். அது நேரே தாக்குவதைவிட, செல்லுக்குள் ஆக்சிஜனின் மூர்க்கமான வடிவங்களைக் கிளப்பிவிட்டு அவற்றின் வழியாகச் சேதம் செய்கிறது.

செல் சும்மா இருப்பதில்லை. கோரைப் பாயில் ஓர் இடம் அறுந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கோரை பின்னுவது போல, ஒட்டு விழுந்த இடத்தைச் சுற்றி ஏறத்தாழ 30 எழுத்துகளை வெட்டி எறிந்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்துப் புதிதாக எழுதுகிறது. இந்த வேலை எப்படி நடக்கிறது என்று காட்டிய அஜீஸ் சான்ஜாருக்கு 2015ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்தப் பழுது பார்க்கும் மரபணுக்கள் பிறவியிலேயே கெட்டுப்போன குழந்தைகள் உண்டு. ஜீரோடெர்மா பிக்மென்டோசம் என்று அந்த நோய்க்குப் பெயர். இரண்டு வயதுக்குள் முகமெல்லாம் புள்ளி விழும், வெளிச்சத்தில் கண் கூசும், பத்து வயதில் தோல் கிழத்தோலாகிவிடும், புற்றும் வரும். பழுது பார்க்க ஆள் இல்லாவிட்டால் வெயில் என்ன செய்யும் என்பதை அந்தப் பிள்ளைகளின் முகத்தில் பார்க்கலாம். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே பழுது வந்து சேர்ந்தால்தான் இந்த நோய் வெளிப்படும். சொந்தத்துக்குள் பெண் எடுக்கும் நம் பக்கத்தில் அதற்கு வாய்ப்பு கூடுதல். அப்படி ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது உங்கள் கடைக்கு வந்தால், தயவுசெய்து க்ரீம் எதுவும் கொடுக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். நடவுப் பெண்கள் அத்தனை பேருக்கும் இது தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வெயிலில் நின்றால் கறுப்பது எதனால்? சூடு பட்டுக் கருகுவதாகத்தான் நம் ஊரில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. தோல் செல்லுக்குள் பி53 என்று ஒரு புரதம் இருக்கிறது. டிஎன்ஏ-வில் பழுது விழுந்ததும் விழித்துக்கொள்ளும் காவல்காரன் அது. வெயிலில் அது விழித்ததும் ஒரு மரபணுவை முடுக்கிவிடுகிறது. அந்த மரபணுவிலிருந்து ஒரு ஹார்மோன் பிறந்து, தோலின் அடி அடுக்கில் உட்கார்ந்திருக்கும் மெலனோசைட் என்ற செல்லுக்குச் சேதி சொல்கிறது. 'பழுது விழுகிறது, கறுப்பு அனுப்பு' என்பதுதான் அந்தச் சேதி. 2007ல் இது வெளியானது. ஆக, கறுப்பதற்கான உத்தரவே மரபணுவில் விழுந்த பழுதைப் பார்த்துத்தான் பிறக்கிறது.

மெலனோசைட் கறுப்பு மணிகளைச் செய்து சுற்றியுள்ள ஏறத்தாழ 36 செல்களுக்குக் கொடுக்கிறது. நடவு வயலில் ஒருவர் நின்று வரிசையாகக் குனிந்திருக்கும் பெண்களுக்கெல்லாம் நாற்று முடியை வீசிக்கொண்டே இருப்பாரே, அதே மாதிரி. வாங்கிய செல் அந்த மணிகளை எங்கே வைக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தால் மனசு நெகிழ்ந்துவிடும். கண்ட இடத்தில் போடுவதில்லை. டிஎன்ஏ இருக்கும் உட்கருவுக்கு நேர் மேலே, வெயில் வரும் பக்கம் பார்த்துக் குவித்து வைக்கிறது. குடை பிடித்த மாதிரியே இருக்கும். முதல் முறை அதை நான் மாணவிகளுக்குக் காட்டியபோது ஒரு பெண் "மேடம், உண்மையிலேயே குடை பிடிச்சிருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். மாணவிகள் எல்லோரும் வரிசையில் வந்து பார்த்தார்கள்.

அந்தக் குடைதான் உங்கள் டியூப் அழிக்கிற கறுப்பு.

மங்கு என்பது அந்தக் குடை ஏற்பாடு சில இடங்களில் அளவு மீறிப் போனது. பிள்ளைப்பேறு, கருத்தடை மாத்திரை, குடும்ப வழி எல்லாம் அதைக் கிளப்பும். ஆனால் ஊற்றி வளர்ப்பது வெயில்தான். மங்கு விழுந்த தோலை எடுத்துப் பார்த்தால் அடியில் நார்கள் சிதைந்து, வெயில் தின்ற கிழத்தோலின் அடையாளங்கள் தெரிகின்றன. அதனால் மங்கையே வெயில் தந்த முதுமையின் ஒரு வகை என்று பார்க்கிற மருத்துவர்கள் இன்று இருக்கிறார்கள். அப்படியிருக்க, மேலே உள்ள கறுப்பை மட்டும் அழித்துவிட்டு, மறுநாள் காலை அவளைத் திரும்ப அதே வெயிலில் இறக்கினால் என்ன ஆகும்?

டியூப்புக்குள் இருப்பதைப் பார்ப்போம். மங்குக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் கலவையில் மூன்று பொருள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. ஹைட்ரோகுயினோன் கறுப்பு செய்யும் நொதியை முடக்குகிறது. ட்ரெட்டினாயின் நல்ல மருந்துதான், டாக்டர் பார்த்துக் கொடுத்தால் வெயில் தின்ற தோலைக்கூடத் தேற்றும். ஆனால் அதைப் பூசிய தோல் வெயிலைத் தாங்காது. மூன்றாவது ஸ்டீராய்டு. மொமெட்டசோன், புளூசினலோன் என்று பெயர் மாறும். சில கடைகளில் இந்த மூன்றும்கூட இல்லாமல் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் டியூப்பையே முகத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். க்ளோபெட்டசால் உள்ளதிலேயே வீரியம் கூடியது. உள்ளங்கைத் தோலுக்கும் பாதத்துக்கும் கொடுக்கிற மருந்தைக் கன்னத்தில் போடுவது எப்படித் தகும்?

ஸ்டீராய்டும் மரபணுவில்தான் வேலை செய்கிறது. செல்லுக்குள் நுழைந்து ஒரு ஏற்பியைப் பிடித்துக்கொண்டு உட்கருவுக்குள் போய், டிஎன்ஏ-வின் மேலேயே உட்கார்ந்து, சில மரபணுக்களை அடக்கும், சிலவற்றை எழுப்பும். கரப்பான் படைக்கும் சொரியாசிஸுக்கும் அது வரப்பிரசாதம்தான். 1952ல் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிப் பலன் கண்ட நாளிலிருந்து எத்தனையோ பேரை அரிப்பிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாதக்கணக்கில் பூசும்போது, அது அடக்கும் மரபணுக்களில் கொலாஜன் செய்யும் மரபணுவும் சேர்ந்துவிடுகிறது. கொலாஜன்தான் தோலுக்குத் தெம்பு. கூரைக்கு மூங்கில் வரிச்சு மாதிரி.

இதே கொலாஜனை வெயில் எப்படிப் பார்க்கிறது தெரியுமா? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேரி ஃபிஷரும் ஜான் வூர்ஹீஸும் 1990களில் வரிசையாகக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். தோல் சிவக்கக்கூடத் தேவையில்லை, அதற்குக் குறைந்த அளவு புற ஊதாவே போதும். சில மணி நேரத்தில் கொலாஜனை வெட்டும் நொதிகளின் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அதே நேரத்தில் புதுக் கொலாஜன் செய்யும் மரபணு தணிந்துவிடுகிறது. வெட்டு கூடுகிறது, வரவு குறைகிறது. வெட்டுப்பட்டதை உடம்பு ஒட்டுப்போடும், ஆனால் முழுசாக ஒட்டாது. ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தழும்பு மிச்சமாகிறது. அப்படிப் பல வருஷத் தழும்புகள் சேர்ந்ததுதான் நாம் சுருக்கம் என்று பார்ப்பது.

ஆக, பகலில் வெயில் கொலாஜனை வெட்டுகிறது. ராத்திரி டியூப் அதன் வரவை அடைக்கிறது. குடையும் போய்விட்டது. என் அக்காவின் கன்னம் எட்டு மாதத்தில் முட்டைச் சவ்வு ஆனது இப்படித்தான்.

வயது தனியாக ஒரு பக்கம் வேலை செய்துகொண்டிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். டிஎன்ஏ சுருண்டிருக்கும் குரோமோசோம்களின் நுனியில் டெலோமியர் என்று ஒரு பூண் இருக்கிறது. செல் பிரியும்போதெல்லாம் கொஞ்சம் தேய்கிறது. அந்தப் பூணில் திரும்பத் திரும்ப வரும் ஆறு எழுத்து டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி. ஒட்டிக்கொள்வதற்கென்றே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டி. ஆக்சிஜன் சேதத்துக்கு எளிதில் ஆளாகும் ஜி மூன்று. வயது தேய்க்கும் இடத்தையே வெயிலும் தாக்குகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொந்தமாக ஒரு சின்ன டிஎன்ஏ உண்டு. அதிலிருந்து 4977 எழுத்துகள் மொத்தமாக விழுந்துவிடும் ஒரு பழுது வெயில் பட்ட தோலில், படாத தோலைவிட அதிகமாகக் காணப்படுகிறது. வயது ஏற ஏறப் பழுது பார்க்கும் வேகமும் குறைகிறது. இளமையில் சில நாளில் முடிகிற வேலை முதுமையில் இழுத்துக்கொண்டே போகும்.

எங்கள் அம்மாவுக்கு இப்போது 68 வயது. நடவுக்குப் போகும்போது புடவைக்கு மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போன தலைமுறை. கொசுவுக்கும் வெயிலுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டை. போன பொங்கலுக்கு அவருக்கு வளையல் போட்டுவிட்டபோது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேல்கையின் உள்பக்கம் இன்னும் வாழைக் குருத்து மாதிரி வழவழப்பு. அதே கையின் மணிக்கட்டுக்குக் கீழே, சட்டை நுனி முடிகிற இடத்திலிருந்து, காய்ந்து பாளம் விட்ட வயல் மாதிரி கட்டம் கட்டமாக வெடிப்பு. பிடரியிலும் அதே கட்டம். ஒரே அம்மா, ஒரே மரபணு, ஒரே 68 வயது. ஒரு சாண் தூரத்தில் இரண்டு தோல். நடுவில் நின்றது ஒரு பழைய பருத்திச் சட்டை.

பஸ்ஸில் போகும்போது டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தால் இதைத்தான் கவனிப்பேன். ஜன்னல் பக்கம் இருக்கும் வலது கை ஒரு நிறம், இடது கை ஒரு நிறம். 2012ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வெளியானது. 28 வருஷம் லாரி ஓட்டியவர். அங்கே ஓட்டுநருக்கு இடது பக்கம்தான் ஜன்னல். வலது கன்னம் சாதாரணமாக இருக்க, இடது கன்னம் மட்டும் தொங்கி மடிந்து கிடந்தது. கண்ணாடி பி வகைக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், ஏ வகையை விட்டுவிடும். உள்ளடுக்கு வரை இறங்குவது அதுதான்.

"நம்ம தோலுக்கு அதெல்லாம் வராதும்மா, அது வெள்ளைக்காரனுக்கு" என்று கடையில் யாரோ சொல்வது எனக்குக் கேட்கிறது. பாதி உண்மை. நம் கறுப்பு அடி அடுக்குச் செல்களை நன்றாகவே காப்பாற்றுகிறது, தோல் புற்றுநோய் வெள்ளைத் தோல்காரர்களைவிட நமக்கு மிகவும் குறைவு. சுருக்கமும் அவர்களைவிடப் பல வருஷம் தள்ளித்தான் நமக்கு வருகிறது. ஆனால் நம் தோலில் வெயில் தன் கணக்கை முதலில் காட்டுவது நிறத்தில். மங்காக, கரும்புள்ளியாக, திட்டாக. அப்புறம், பாதுகாப்பே கறுப்பால்தான் என்னும்போது அந்தக் கறுப்பை டியூப் போட்டு எடுத்துவிட்டுப் பாதுகாப்பு இருப்பதாக எப்படி நம்புவது?

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2015ல் இங்கிலாந்தின் சாங்கர் ஆய்வு நிலையத்தில், 55 முதல் 73 வயது வரையிலான நான்கு பேரின் கண்ணிமைத் தோலை எடுத்துப் பார்த்தார்கள். நோய் எதுவும் இல்லாத, பார்வைக்குச் சாதாரணமான தோல். அதில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு செல், புற்றுநோய்ப் பாதையில் முதல் அடி வைக்கும் மரபணு மாற்றத்தைச் சுமந்துகொண்டிருந்தது. மாற்றங்களில் பெரும்பாலானவை 'சி' இருந்த இடத்தில் 'டி' வந்தவை. அது புற ஊதாக் கதிரின் கைரேகை. தோல் மறக்கிற மாதிரி தெரியும், மரபணு மறப்பதில்லை.

வெயிலே ஆகாது என்று நான் சொல்லவில்லை. வைட்டமின் டி-க்கு வெயில் வேண்டும். ஆனால் நடவுப் பெண்களுக்கு வெயில் போதவில்லை என்ற குறை எங்கள் பக்கத்தில் இருக்க முடியாது. தஞ்சாவூர் பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ 11 டிகிரிதான் வடக்கே. சித்திரைத் தொடக்கத்தில் ஒரு முறை, ஆவணித் தொடக்கத்தில் ஒரு முறை சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும். குறுவை நடவு முழுக்க இந்த இரண்டு நாளுக்கும் நடுவில்தான். ஒரு நாளில் விழும் புற ஊதாவில் ஏறத்தாழ 60 சதவீதம் காலை 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையே இறங்கிவிடுகிறது. நடவாள் கரையேற உச்சி தாண்டிவிடும். வேதாரண்யம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் பாடு இன்னும் மோசம், மேலிருந்தும் வெயில், வெள்ளை உப்பில் பட்டுக் கீழிருந்தும் வெயில்.

கடையில் நிற்பவர்களிடம் என்ன சொல்லலாம் என்று கேட்டால், எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

முதலில் துணி. முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதன்மேல் முகத்துக்கும் பிடரிக்கும் நிழல் விழுகிற அகலத்தில் ஓலைத் தொப்பி. மருந்துக்கடையில் தொப்பியைப் பற்றிப் பேசுவதா என்று நினைக்காதீர்கள். "தொப்பி இல்லாம இந்த மங்கு போகாதும்மா" என்று நீங்கள் சொன்னால் வாங்குவார்கள். நான் சொன்னால் "படிச்ச பொண்ணு ஏதோ சொல்லுது" என்று போய்விடுவார்கள். இது அனுபவம்.

சன்ஸ்கிரீன் கேட்டால், வசதி இருப்பவர்களுக்குக் கொடுங்கள். ஆஸ்திரேலியாவில் 903 பேரை வைத்து நாலரை வருஷம் பார்த்ததில், தினமும் தவறாமல் பூசியவர்களின் தோலில் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் மங்குக்கு ஒரு நுணுக்கம் உண்டு. நம் மாதிரிக் கறுத்த தோலில் புற ஊதா மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கறுப்பைக் கூட்டுகிறது. பூசினால் தெரியாமல் போகிற வகைகள் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் இருக்கும் வகையைப் பார்த்துக் கொடுங்கள். பட்டாணி அளவு போதும் என்று சொல்லாதீர்கள், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும். வியர்வையில் கரைந்தால் திரும்பப் போட வேண்டும்.

எலுமிச்சைச் சாறு தேய்க்கலாமா என்று கேட்பவர்களைக் கட்டாயம் தடுங்கள். எலுமிச்சையில் இருக்கும் ஒரு பொருள் தோலில் இருக்கும்போது வெயிலின் ஏ வகைக் கதிர் பட்டால், டிஎன்ஏ இழைகளுக்கு நடுவில் புகுந்து பூட்டுப் போட்டுவிடும். தோல் வெந்து, மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். நம் சித்த மருந்துகளில் வெண்புள்ளிக்குக் கொடுக்கும் கார்போக அரிசியில் இருப்பதும் அதே குடும்பத்துப் பொருள்தான். தெரிந்தவர் கையில் அது மருந்து, எலுமிச்சை தேய்த்துவிட்டு வயலுக்குப் போகும் பெண்ணுக்கு அது காயம். மஞ்சள் பூசிக் குளிப்பதில் தப்பில்லை, ஆனால் அது வெயிலைத் தடுக்காது.

ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக்கொண்டிருப்பவர் வந்தால், "இன்னையோட நிறுத்திடு" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், பயந்துபோய் இன்னொரு கடையில் அதையே வாங்குவார். படிப்படியாக எப்படிக் குறைப்பது என்று தோல் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. தோல் நோய்ப் பிரிவுக்குப் போகச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் போவார்கள். சேற்றில் நின்று வரும் படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த க்ரீம் கொடுப்பதும் இதே தவறுதான். அரிப்பு உடனே நிற்கும், படர்தாமரையைத் தரும் பூஞ்சைக் காளான் உள்ளுக்குள் பரவிக்கொண்டே இருக்கும்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை. 2018ல் மத்திய சுகாதார அமைச்சகம் பூசும் ஸ்டீராய்டுகள் 14ஐப் பெயர் சொல்லி அட்டவணை எச்-இல் சேர்த்தது. டாக்டர் சீட்டுக்கு மட்டும்தான் விற்பனை. நான் புகார் எழுத வரவில்லை. நீங்கள் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்கிவிடுவாள் என்பீர்கள். அதனால்தான் இதை ஒரு கடைக்கு எழுதாமல் எல்லாக் கடைக்கும் எழுதுகிறேன். உங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு தடவை இதை எடுத்துப் பேசுங்கள். ஓர் ஊரில் இருக்கும் நாலு கடையும் சேர்ந்து கொடுப்பதில்லை என்று முடிவு செய்தால், வாங்க வேறு இடமில்லை.

அக்கா இப்போது அரசு ஆஸ்பத்திரியில் காட்டி, க்ரீமை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தியிருக்கிறாள். எரிச்சல் போய்விட்டது. கன்னத்துச் சிவப்பு இழைகள் முழுசாகப் போகவில்லை. மங்கு கொஞ்சம் மங்கலாகியிருக்கிறது, ஆனால் இன்னும் இருக்கிறது. இந்தக் குறுவைக்கு அத்தானின் சட்டை, தலையில் துண்டு, மேலே ஓலைத் தொப்பி என்று இறங்கினாள். முதல் நாள் கூட இருந்த பெண்கள் சிரித்திருக்கிறார்கள். நான்காம் நாள் இரண்டு பேர் தொப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்களாம்.

அம்மாவின் மாத்திரைக்காக அவள் இன்னும் அதே கடைக்குத்தான் போகிறாள். சம்பா நடவு தொடங்கினால் அவளோடு இன்னும் நாலு பெண்கள் வருவார்கள். அவர்களில் ஒருத்தி கன்னத்தைத் தடவிக்கொண்டே "அண்ணே, மங்குக்கு ஏதாச்சும் குடுங்க" என்று கேட்பாள். அலமாரிப் பக்கம் திரும்புவதற்கு முன், "வயல்ல தலைக்கு என்னம்மா போட்டுக்கிறே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள் அண்ணே.

அன்புடன்,
நடவு வீட்டுப் பெண் ஒருத்தி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.